நாக்கில் படாத நாலு சொட்டு

கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த ஓட்டலின் பாரில் அப்போது நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே குடிக்காதவர்கள். என் அப்பா சாராயத்தில் போனவர். பவானிப் பக்கம் தோட்டங்காட்டுக் கூலி வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தது அம்மா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் கடைசியில் பாரில் நிற்கிறான் என்று அவளிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. "ஊத்திக் குடு, வேண்டாங்கல. உன்ற நாக்குல மட்டும் படக்கூடாது" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள்.

மற்றவர் ஊருக்குள்ளேயே கணபதிப் பகுதிக்காரர். என்னைவிட நாலு வயது மூத்தவர். குடித்துக் குடித்து வீடே நாசமான பிறகு, அவர் மனைவி குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப்போய், இனித் தொடுவதில்லை என்று கயிறு கட்டவைத்திருந்தார். பதினோரு மாதம் ஆகியிருந்தது. வேறு தொழில் தெரியாததால் பாரை விடவில்லை. "சாமிக்கயித்தக் கட்டிப்போட்டு சரக்கு ஊத்தறவன் ஊருக்குள்ள நான் ஒருத்தந்தான் தம்பி" என்பார்.

ருசி பார்க்காமலே வேலை ஓடியது. இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து நான் அளவு வாசிப்பேன், அவர் கலப்பார்.

ஒருநாள் மேனேஜர் ஒரு வெளிநாட்டு வோட்காவைக் கொண்டுவந்து வைத்தார். பெட்ஷீட் வாங்க வெள்ளைக்காரர்கள் சனிக்கிழமை வருகிறார்கள், நம்மூர்ப் பொருள் போட்டு மூன்று புது காக்டெயில் வேண்டும் என்றார். கணபதிக்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "மழை பேஞ்ச காடாட்டம் இருக்குது தம்பி." எனக்கும் அப்படித்தான் இருந்தது, அப்போது தோண்டிய கிழங்கின் வாசம். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஈரோட்டுப் பச்சை மஞ்சளோடு கருப்பட்டிப் பாகு, பீட்ரூட்டோடு வறுத்த மல்லி, நன்னாரியோடு எலுமிச்சை என்று சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார். இதற்குப் புத்தகம் கிடையாது. யாராவது ருசி பார்க்க வேண்டும்.

"நான் பாக்கறனுங்கண்ணா" என்றேன்.

"உங்கம்மா?"

"நாலு சொட்டுதானுங்க. துப்பிப் போடறேன்."

"என்னைக் காப்பாத்திப் போட்டே போ."

சனிக்கிழமை மதியம் ஸ்ட்ராவை கிளாஸில் விட்டு, மேல் நுனியை விரலால் அடைத்து எடுத்தேன். வாயருகே வந்ததும் அப்பாவின் சட்டை வாசம் அடித்தது. உதட்டுக்கு வெளியே ஒற்றித் துடைத்துக்கொண்டு, "சரியா இருக்குதுங்கண்ணா" என்றேன். மூன்று கிளாஸுக்கும் அதையே செய்தேன்.

நாலு மணிக்கு மேனேஜர் வந்தார். மஞ்சள் போட்டதை ஒரு வாய் வைத்துத் தொட்டியில் துப்பினார்.

"கசாயமாய்யா இது? ஆரு ருசி பாத்தது?"

கணபதிக்காரர் என்னைப் பார்த்தார். நான் எலுமிச்சையை நறுக்கிக்கொண்டிருந்தேன். புரிந்துவிட்டது அவருக்கு.

"நாந்தானுங்க. மறுக்கா பண்ணித் தாரனுங்க" என்றார்.

மஞ்சளைக் குறைத்து ஒரு ருசி. பாகைக் கூட்டி ஒரு ருசி. முதலில் துப்பினார். பிறகு துப்பவில்லை. என்னிடம் கொடுங்கள் என்று நான் எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆறு மணிக்கு மூன்றும் கச்சிதமாக வந்திருந்தன. அவர் காது மடல் சிவந்திருந்தது. விருந்தில் வெள்ளைக்காரர்களுக்கு இங்கிலீஷில் விளக்கியது நான் என்பதால் மேனேஜர் என் முதுகில் தட்டினார்.

திங்கட்கிழமை கணபதிக்காரர் வரவில்லை. அடுத்த நாள் வாடையோடு வந்தார். ஒரு மாதத்துக்குள் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

பிறகு ஒரு காலையில் அவர் மனைவி ஓட்டலின் பின்பக்க கேட்டில் வந்து நின்றார்.

"ஏனுங்க, அவரு கூட இருந்தது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அன்னிக்கு ருசி பாக்கச் சொன்னது மேனேஜருங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"நீங்களும் பாத்தீங்களா?"

"நான் தொடறதில்லைங்க."

"நல்லதுங்க தம்பி. அப்படியே இருந்துக்குங்க." குத்தலாகச் சொல்லவில்லை. புருஷன் வீட்டில் படுத்தே கிடக்கிறார், தனக்கு இங்கே ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டார்.

சமையல்கட்டில் பாத்திரம் கழுவ ஆள் தேவைப்பட்டது. சொல்லிச் சேர்த்துவிட்டேன். அந்த நன்றிக்கு, தினமும் மதியம் எனக்கென்று ஒரு தட்டில் சோறு எடுத்து மூடி வைப்பார். இரண்டு வருஷம் அதைச் சாப்பிட்டேன். உண்மையை ஒருநாளும் சொல்லவில்லை.