மரகதம் பேருக்கு ஓர் அர்ச்சனை

புதுப் புத்தகத்தைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்குமே, அதைக் கிழித்தபோது வந்த வாசனைதான் என்னை இதையெல்லாம் எழுத உட்கார வைத்தது. புதுப் புத்தகத்தின் தாள் வாசனையைப் பற்றிப் படித்தவர்கள் உருகி உருகி எழுதுவார்கள். எனக்கு என்னவோ அந்தப் பிளாஸ்டிக்தான் மூக்கில் ஏறியது. வெயிலில் சூடேறிய கறுப்பு நாற்றுப்பையின் வாசனை. என் மூக்கு அப்படிப் பழகிவிட்டது, என்ன செய்ய?

புத்தகம் என் கைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். புக்கிட் பெருந்துங்கில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி பவானி டீச்சர் இருக்கிறார். பள்ளி விடுமுறை விட்டதும், இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் எங்கள் குடியிருப்பான தாமானின் மண்டபத்தில் ஒரு வாசிப்பு நாள் வைத்தார். பெரியவர்கள் ஆளுக்கு ஒரு நாவலைப் பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்ய வேண்டுமாம். நான் சாயங்காலத்தில் வாசலில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிப்பதைப் பார்த்திருக்கிறார். அந்தக் குற்றத்துக்காக என் பெயரையும் சேர்த்துவிட்டார்.

"அஞ்சு நிமிசம் பேசுனா போதும்மா."

"எனக்கு முட்டி வலி, டீச்சர்."

"முட்டியிலயா பேசப் போறீங்க? உக்காந்தே பேசுங்க லா."

நான்கு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. கல்யாணப் பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு கேட்கக் கூச்சப்பட்டு, வெறும் ரசத்தைக் குடித்துவிட்டு அரை வயிற்றோடு எழுந்து வந்தவள் நான். அதற்குப் பிறகு ஒரு வாரம், துணி துவைக்கும்போதும் அந்த ஐந்து நிமிடம்தான் நினைப்பு.

பொறுக்கி எடுக்கச் சொல்லி டீச்சர் சில நாவல்களைக் கொடுத்திருந்தார். ஒன்றில் பேய். பரவாயில்லை, ஆனால் அந்தப் பேய்க்கே பயம் அதிகம். இன்னொன்றில் துப்பறியும் பையனுக்கு ஒரு மாமா. பக்கத்துக்குப் பக்கம் அறிவுரை. அந்த மாமாவை இரண்டாம் அத்தியாயத்திலேயே யாராவது கடத்திக்கொண்டு போயிருக்கலாம். மூன்றாவது, சுங்கை பஞ்சாங் மாதிரி ஒரு வயல்காட்டில் நடக்கிற கதை. வெள்ளத்தில் காணாமல் போன தம்பியைத் தேடி, பதின்மூன்று வயது அக்கா தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போகிறாள். அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் தோசை கருகி வீடெல்லாம் புகை. இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நல்ல கதைக்கு எங்களிடம் அந்த ஓர் அளவுதான் உண்டு. செய்கிற வேலையை மறந்து கை நிற்க வேண்டும்.

சின்ன வயதில் கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், கூலிக் குடும்பமாக இருந்தோம். ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் எண்ணெய் எடுக்கும் செம்பனை போடத் தொடங்கிய காலம். ஆறாம் வகுப்பு முடிந்த கையோடு என்னை நாற்று மேடைக்கு அனுப்பிவிட்டார்கள். சலித்த மண்ணைக் கறுப்புப் பைகளில் நிரப்பி, தட்டி, வரிசையாக அடுக்க வேண்டும். ஓலைக் கொட்டகைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள். வாய்க்குக் கதை இல்லாவிட்டால் அந்த வேலை நகராது. சொந்தக் கதை, அடுத்தவர் கதை எல்லாம் தீர்ந்துபோன ஒரு நாளில் காத்தாயி அக்கா கேட்டாள். கூட்டத்தில் மூத்தவள் அவள்தான். குரலும் அவளுக்குத்தான் பெரிது.

"ஏண்டி, நீ ஆறாப்பு வரைக்கும் படிச்சவதானே? எதாச்சும் புஸ்தகம் கொண்டாந்து படியேன். ஒம் பைய நாங்க ரொப்புறோம்."

அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. எல்லாரும் மண் அள்ள, நான் படிப்பேன். என் பங்குப் பைகளை அவர்கள் பகிர்ந்து நிரப்புவார்கள். வாயே திறக்காத பெண் எப்படிப் படித்தாள் என்று கேட்பீர்கள். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டால் யாருக்கும் என் முகம் தெரியாது. அதோடு, சொல்வது என் பேச்சில்லையே; இன்னொருத்தர் எழுதியது. அதில் எனக்கு என்ன கூச்சம்?

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். அவள் கொடுத்த நாவலுக்கு அட்டை இல்லை. முதல் தாளும் இல்லை. பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையே சிபாரிசு செய்திருப்பேன். மரகதம் என்று ஒரு பெண், என் வயதுதான். வேலை தேடிப் பட்டணம் போன அண்ணனைப் பார்க்கத் தனியாக ரயிலேறி, தப்பான ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறாள். ரயில் போய்விட்டது. கையில் ஒன்றுமில்லை. ஒரு முரட்டு ஆள் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அந்த இடத்தில் வேலை முடிகிற மணி அடித்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், காத்தாயி அக்கா மண் அள்ளிய கையோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். பை பாதிதான் நிரம்பியிருக்கிறது. வேலை வாங்கும் மண்டோர் வந்து, வீட்டுக்குப் போகச் சொல்லிக் கத்தியும் ஒருத்தியும் அசையவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அரை நாள் வேலைதான், மழை வேறு. புத்தகத்தை எடுக்கவில்லை. சாயங்காலம் கோயிலில் பார்த்தால் எங்கள் கொட்டகைப் பெண்கள் எல்லாரும் தேங்காய் பழத்தட்டோடு நிற்கிறார்கள்.

"யாரு பேருக்கு?" என்றார் பூசாரி.

"மரகதம்," என்றாள் காத்தாயி அக்கா. "காணாமப் போயிட்டா சாமி. வயசுப் புள்ள."

"நட்சத்திரம்?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "நீதானே படிச்சே. எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். நல்லவேளை, பூசாரி அதற்கு மேல் கேட்கவில்லை. யார் வீட்டுப் பெண் என்று விசாரித்திருந்தால் நாங்கள் மாட்டியிருப்போம்.

"இந்தப் புள்ள வயசுதானே? இவ நட்சத்திரத்தயே வச்சுக்க வேண்டியதுதான்," என்று காத்தாயி அக்காவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அப்படியாக மரகதத்துக்கு, என்னுடைய அஸ்த நட்சத்திரத்தில், அர்ச்சனை நடந்தது. கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, காணாமல் போனது அவளா நானா என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

அடுத்த நாள் படித்தேன். அந்த முரட்டு ஆள் ரயில்வே கூலிதான். அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு, அண்ணனுக்குத் தகவல் சொல்லிவிடுகிறான். கொட்டகையே பெருமூச்சு விட்டது. "அர்ச்சன வீணாப் போவல பாத்தியா," என்றாள் காத்தாயி அக்கா. ஒருத்தியும் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் மரகதம் ஊர் திரும்பி, மறுபடி பள்ளிக்கூடத்தில் சேருகிறாள். அதைப் படித்து முடித்தபோது யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. மண்வெட்டிச் சத்தம் மட்டும் மறுபடி கேட்டது.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன். எனக்கு முன்னால் பேசியவர் வாசிப்பின் பயன்களை நெடுநேரம் எடுத்துச் சொன்னார். பிள்ளைகள் தலை குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். வணக்கம்கூட வரவில்லை. வேறு வழி தெரியாமல் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தேன். படிக்கத் தொடங்கினேன்.

படகுக் கயிறு அறுந்து, இருட்டில் தம்பியின் குரல் எங்கிருந்தோ கேட்கிற இடம். அதோடு நிறுத்தினேன்.

"ஐயோ, அப்புறம்? தம்பிக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு குரல். "நிறுத்தாதீங்க லா, பாட்டி!"

புத்தகத்தைக் கீழே இறக்கினேன். எதிர்வரிசையில் ஒருத்தி போனைக் கவிழ்த்து மடியில் வைத்திருந்தாள். ஒரு வாரமாக என் நெஞ்சில் கிடந்த கல் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்படியே நாற்காலியில் சாய்ந்து, டீச்சர் கொடுத்த மைலோவை ஒரே மூச்சில் குடித்தேன்.

குரல் கொடுத்தவள் தர்ஷினி. இரண்டாம் படிவம், பதினாலு வயது, எங்கள் பின்வரிசை வீடு. புத்தகத்தை வாங்க வந்தாள்.

"நல்லா ரீட் பண்றீங்க பாட்டி. எந்த ஸ்கூல்?"

"தோட்டத்துப் பள்ளிக்கூடம்மா. ஆறாம் வகுப்போட நின்னுட்டேன்."

"ஏன்? ஸ்கூல் போரிங்கா?"

"வேலைக்குப் போயிட்டேன்."

"ட்வெல்வ்ல வேலையா? அந்த பாஸ போலீஸ் புடிக்கலயா?"

அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. யாரையென்று பிடிப்பது? சிரித்துவைத்தேன்.

மறுநாள் காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் அவள் அம்மா சத்தம் போடுகிறாள்: "மணி பத்தாச்சுடி! கதப் பொஸ்தகத்தப் படிச்சிட்டு இன்னும் தூக்கமா?"

என்னுடைய அந்த வயதில், விடிவதற்கு முன்னால், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். மண்டோர் பெயர் கூப்பிடுவார். பனியில் நடுங்கிக்கொண்டே "இருக்கேன்" என்போம். பெரிய பெண்களுக்கு நடுவில் எங்களைப் போன்ற சின்னதுகள் தூக்கம் கலையாமல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். இப்போது தோட்டம் இல்லை. களம் இருந்த இடத்தில் சாலை போகிறது. விடியலில் அந்தப் பெயர்களைக் கூப்பிடும் குரல் எங்கேயும் இல்லை. நிம்மதியாக இருக்கிறது.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "தூங்கட்டும் விடும்மா," என்றேன்.