அப்பாவின் ஓட்டு

அப்பா ஓய்வு பெற்ற பிறகு, கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு போர்ட்டிகோ ஞாயிறு காலைகளில் மூன்று பேருக்குச் சொந்தமாகிவிட்டது. ஒருவர் அப்பா. இன்னொருவர் மாடியில் குடியிருக்கும் சார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் அண்ணன். அப்பா அலுவலகம் போய்வந்த காலத்தில் மழை பெய்தால் அவரை ரயில்வே ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவார்; அப்படிப் பழகியவர்.

அவர்களைப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சேர்த்து உட்காரவைத்தவை சில போலீஸ் படங்கள். ஒரே இன்ஸ்பெக்டர் கதை, நான்கு பாகங்கள். நான்கில் எது சிறந்தது என்பதுதான் சண்டை. முதல் படம் ஒரு சின்ன ஊர் போலீஸ் ஸ்டேஷனில் நடப்பது. ஆட்டோ அண்ணனின் கட்சி அது. இரண்டாவதில் இன்ஸ்பெக்டர் நகரத்துக்கு மாற்றலாகி, ஓடுகிற சரக்கு ரயிலின் மேல் நின்று சண்டை போடுவார். ஊரே பார்த்த படம். மாடி சாருக்கு அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. நான்காவதைப் பற்றி மூவருக்கும் ஒரே கருத்து என்பதால் அதைப் பேசுவதேயில்லை. அப்பா மட்டும் மூன்றாம் பாகத்தின் ஆள். அது ஓடாத படம். அதில் இன்ஸ்பெக்டரை சஸ்பெண்ட் செய்துவிடுவார்கள். பாதிப் படம் கைலியோடு வீட்டில் இருப்பார்.

"போலீஸ் படத்துல போலீஸே இல்லைன்னா எப்படி சார்?" என்பார் மாடி சார்.

"ஒரே ஒரு ஃபைட்டு. அதுவும் கனவுல வர்து. இன்னா சார் படம் அது?" என்பார் அண்ணன்.

"யூனிஃபார்ம் போட்டா யார் வேணா மிரட்டலாம். அதைக் கழட்டி வெச்சுட்டு நடிக்கணும், அதான் கஷ்டம்" என்பார் அப்பா.

கல்யாணமாகி நான் மேடவாக்கத்தில் இருந்தேன். ஞாயிறுகளில் வரும்போதெல்லாம் இதே பேச்சுதான். "இவங்களுக்கு அலுக்கவே அலுக்காதாம்மா?" என்று கேட்டால் அம்மா, "பேசட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்" என்று காபி ஆற்றப் போய்விடுவாள்.

ஒரு நாள் காலை மார்க்கெட்டில் அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அப்பாவின் கையிலிருந்து பை நழுவியது. கடைக்கார அம்மா என்னவென்று கேட்டிருக்கிறாள். அப்பாவுக்குப் பதில் வரவில்லை. அவள்தான் ஆள் கூப்பிட்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மூளையில் ரத்த அடைப்பு என்றார்கள். செயலிழந்திருந்த வலது காலும் கையும் மெல்லத் திரும்பின. கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தார். பேச்சு மட்டும் திரும்பவில்லை.

நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. சொல்ல வேண்டியதும் உள்ளே இருந்தது. வாய்க்கு வரும்போது வேறாகிவிட்டது. பேப்பர் வேண்டுமென்றால் "சோப்பு" என்பார். தப்பு என்று அவருக்கே தெரியும், முகம் சுருங்கிவிடும். போகப் போக எல்லாவற்றுக்கும் "அது" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார், பிறகு அதையும் குறைத்துக்கொண்டார்.

நான் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாக அம்மாவோடு வந்து தங்கினேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வாரம் ஒருமுறை வருவாள். மற்ற நாட்களில் அவள் கொடுத்த படங்களை நான் காட்ட வேண்டும். பசு, குடை, சீப்பு. வாழ்நாளெல்லாம் அரசாங்கக் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதியவரிடம் சீப்பைக் காட்டி இது என்ன என்று கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு நாள் அட்டைகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். நானும் கூப்பிடவில்லை.

நண்பர்கள் வந்தார்கள். ஆனால் மாடி சார், காது கேட்காதவரிடம் பேசுவதுபோல உரக்கப் பேசினார். ஆட்டோ அண்ணன் அப்பாவைப் பார்த்ததும் கண் கலங்கி, "நல்லாயிடும் சார், நல்லாயிடும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அவர்களைப் பார்ப்பதைத் தவிர்க்கத் தொடங்கினார். கேட் சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வார்.

அப்படித்தான் ஒரு ஞாயிறு, அண்ணன் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்திருந்தார். மாடி சாரும் மோட்டார் போட இறங்கி வந்தார். அப்பா உள்ளே இருந்தார். இருவரும் கொஞ்ச நேரம் தண்ணீர், வெயில் என்று பேசினார்கள்.

"ஃபர்ஸ்ட் பார்ட்ட திரும்ப ரிலீஸ் பண்றாங்களாமே, கேட்டியா சார்? தியேட்டர்ல போஸ்டர் ஒட்டிகினு கீறானுங்க" என்றார் அண்ணன்.

"எதுக்கு? ரெண்டாவது பாகத்தைப் போட்டாலாவது கூட்டம் வரும்."

"அட போ சார். ரயில் மேல ஏறி ஓடினா பெரிய படமா? நம்ம சானடோரியம் ஸ்டேஷன்ல பசங்க தெனம் ஏறி ஓடுறானுங்க."

குரல்கள் ஏறின. நான் எழுந்து போய் அடக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அப்பா கைத்தடியோடு வாசலில் வந்து நின்றார். இருவரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். அண்ணன்தான் தைரியமாக, "சார், நீ சொல்லு சார். எது பெஸ்ட்டு?" என்றார்.

அப்பா மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு."

மாடி சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "கேட்டீங்களா! இத்தனை வருஷம் கழிச்சு ஒத்துக்கிட்டார்!"

"செல்லாது. சார் வாய் தவறி சொல்ட்டாரு" என்றார் அண்ணன்.

"காலைல என்னையே அண்ணின்னு கூப்பிட்டார். இதை எப்படி ஓட்டுல சேர்ப்பீங்க?" என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தடியால் தரையைத் தட்டினார். "ரெண்டு! ரெண்டு!" என்று கத்தியபடி இடது கையைத் தூக்கி மூன்று விரல்களைக் காட்டினார்.

எல்லாரும் அந்த விரல்களையே பார்த்தோம். அப்பாவும் பார்த்தார். பிறகு சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க. உடம்பு முடியாமல் போனதற்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. மாடி சாருக்கும் அடக்க முடியவில்லை. அன்று அப்பா உள்ளே போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் சொன்னேன். இந்த நிலையில் எண்கள் மாறிவருவது சகஜம் என்றாள். "நல்லா மனப்பாடமான பாட்டு, வசனம் இதெல்லாம் சில பேருக்குத் தேடாமலேயே வரும்க்கா. படத்தைப் போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு மதியம் டி.வி.யில் மூன்றாம் பாகத்தைப் போட்டேன். நண்பர்கள் அப்பாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள். அப்பா ஆழ்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதற்கு அடுத்த வாரம், அண்ணன் விடாப்பிடியாகக் கேட்டதால் முதல் பாகம்.

அதில் ஒரு காட்சி. வயதான பெண்ணொருத்தி புகார் கொடுக்க வந்து, உள்ளே வரப் பயந்து நிற்பாள். இன்ஸ்பெக்டர் எழுந்து வருவார். அவர் வாயைத் திறந்ததும் சோபாவிலிருந்து அப்பாவின் குரலும் கூடவே வந்தது.

"ஏம்மா நிக்கிறீங்க? உக்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறம் சொல்லுங்க."

ஒரு திக்கல் இல்லை. பழைய குரல், பழைய வேகம். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, யார் பேசியது என்பதுபோல எங்கள் முகங்களைப் பார்த்தாள். நான் காட்சியைத் திரும்ப வைத்தேன். திரும்பவும் சொன்னார். நாலைந்து தடவைக்குப் பிறகு டி.வி.யை நிறுத்திவிட்டுச் சொல்லச் சொன்னேன். அப்போதும் சொன்னார். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வசனத்தை வைத்துக்கொண்டுதான் பயிற்சி தொடர்ந்தது. சீப்பையும் குடையையும் மூட்டை கட்டினோம். "தண்ணி குடிங்க" என்பதை "காபி குடிங்க" ஆக்கவே பல வாரம் ஆயிற்று. பிறகு "காபி குடு". பிறகு "காபி வேண்டாம்". வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இன்ஸ்பெக்டர் தோரணையில் உட்காரச் சொன்னார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கொஞ்சம் மிரண்டுதான் போனார்.

ஆட்டோ அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "வாய்ல எந்தப் படம் வந்துச்சு? ஃபர்ஸ்ட் பார்ட்டு. அப்போ மனசுல கீறது அதான். சார் நம்ம கட்சி" என்று வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மேடவாக்கம் திரும்புவதற்கு முந்தின வாரம் அவர் மறுபடியும் அதைச் சொன்னார். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். எதையோ சொல்ல முயன்றார். நின்றது. மறுபடி முயன்றார். நானும் வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை, மற்றவர்களும் கொடுக்கவில்லை. தெருவில் தயிர்க்காரர் கூவிக்கொண்டு போய் முடித்தார்.

"புடிச்சது... வேற," என்றார் அப்பா. "மனப்... மனப்பாடம் வேற."

மாடி சார் மெதுவாகத் தலையை ஆட்டினார். "பாயின்ட் சார். ஆனா மூணாவது படத்துல அந்தக் கனவு ஃபைட்டை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்."

"ஏன்?" என்றார் அப்பா. கேட்டுவிட்டு, பதிலுக்குத் தயாராக நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.