தட்டு மாற்றிய பிறகு வந்த ரிப்போர்ட்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதத் துணிந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராததால்தான் எழுதுகிறேன்.

சிறுநீரகத்தில் கல் என்று எடுத்த ஸ்கேனில், கணையத்தின் வால் பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. ரத்தப் பரிசோதனையெல்லாம் சரியாகவே இருந்தது. கட்டி எந்த ஹார்மோனையும் சுரக்கவில்லை, அதனால்தான் இத்தனை நாள் உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டர். கூட வந்திருந்த அண்ணன் என்னைப் பார்த்து, "உன்ன மாதிரியே அமுக்கம்" என்றார். சிரித்துவைத்தேன். வாய்வழியாகக் குழாய் விட்டு ஊசியால் துளி சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் வரப் பத்து நாளாகும், அதுவரை எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார்.

அண்ணன் நினைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து எங்களுக்கு முடிவெடுப்பவர் அவர்தான். உழவர்கரை சொந்தங்கள் ஆப்பிள் வாங்கி வந்து, எனக்குக் கேட்கும்படியே உச்சுக்கொட்டினார்கள். நான் போய்விட்டால் ஒரு வருஷத்துக்கு வீட்டில் நல்ல காரியம் கூடாது. நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கும் என் மகளை அண்ணன் தன் மகனுக்குக் கேட்டார். அவனுக்கு அதற்கு முன் நாலு இடம் தட்டிப்போயிருந்தது.

"எம் மருமவளா வந்துட்டா நீ நிம்மதியா கண்ண மூடலாம்" என்றார். படிப்பை நிறுத்திவிடலாம், அண்ணிக்கு வீட்டில் ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்றார்.

ரிப்போர்ட் வரட்டும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன். ஆறாம் நாள் தட்டு மாற்றினோம்.

பதினோராம் நாள் ரிப்போர்ட் வந்தது. புற்று இல்லை. சின்ன, சாதுவான கட்டி. வெட்ட வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார் டாக்டர். அன்று சாயங்காலம், படிப்பு முடியட்டுமே என்று அண்ணனிடம் முதல்முறையாக ஆரம்பித்தேன்.

"நல்ல சேதிதானே? கல்யாணத்த நீயே முன்ன நின்னு நடத்து. தட்ட மாத்திட்டுப் பின்வாங்குனா ஊர்ல எவன் மதிப்பான்?"

அவர் போன பிறகு மகள் ரிப்போர்ட்டை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தாள். மடித்து உறையில் வைத்தாள்.

"இன்னும் அஞ்சு நாள் உன்னால பொறுக்க முடியலியாம்மா?"



மறுநாள் காலையில் அண்ணன் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்தார். மகள் கல்லூரிக்குப் போய் டி.சி. வாங்கி வந்தாள்.