மேகத்துக்குள் இருந்த மலை

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். காலையில் அண்ணாமலையைப் பார்த்துக் கும்பிட்டால்தான் வண்டியை எடுப்பேன். பனியில் மலை தெரியாவிட்டால், பனி விலகும்வரை பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன மார்கழியில், தூரத்து ஊரில் இருக்கும் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக நானும் மனைவியும் முதல்முறை விமானம் ஏறினோம். இறங்கும் நேரத்தில் ஜன்னலெல்லாம் வெள்ளை. திடீரென்று விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. செத்தோம் என்றே நினைத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பணிப்பெண்ணிடம் கத்திவிட்டேன்.

"ஒண்ணுமே தெரியலையேம்மா, ஹாரனாவது அடிக்கச் சொல்லுங்க."

"சும்மா இருங்க, மானம் போவுது" என்றாள் மனைவி.

பணிப்பெண் சிரிக்கவில்லை. "பயப்படாதீங்கய்யா, ரேடார் இருக்கு. அது அனுப்புற அலை மலையில பட்டுத் திரும்பி வரும். நம்ம கண்ணுக்குத் தெரியலன்னாலும் அங்க மலை இருக்குன்னு அது காட்டிடும்."

அப்போது மேகம் ஒரு கணம் விலகியது. எங்களுக்குக் கீழே, கிரிவலத்தில் இருப்பதுபோலவே வலப்பக்கத்தில், நனைந்த கரும்பாறை உச்சி ஒன்று நின்றது. கைகள் தாமாகக் குவிந்தன.

விமானம் வட்டமடித்து வந்து, இரண்டாம் முயற்சியில் பத்திரமாக இறங்கியது. பேத்தி பிறந்ததும் தூக்கிக் கொஞ்சிவிட்டு ஊர் திரும்பினோம்.

இப்போதெல்லாம் பனி மூடினாலும் மலை இருக்கும் திசையைக் கும்பிட்டுவிட்டு வண்டியை மெதுவாக எடுக்கிறேன்.

"மலை தெரியுதாண்ணே?" என்று ஸ்டாண்டில் கேலி செய்கிறார்கள்.

"இருக்குதுப்பா" என்கிறேன்.