என் மகள் பெயருக்கு நேரே சிவப்பு

சாட்சி எழுதுகிறவர்கள் சமாதானத்தில் தொடங்குவார்கள். என்னால் முடியவில்லை, சபையார் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டவர் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததை நினைத்தால் கண் கலங்குகிறது. அதற்கு முன்னால் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்துவிட்டு இன்னொன்றை மட்டும் எழுதினால் அது சாட்சி ஆகாது.

நாங்கள் கம்பம் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் சாது. கடையில் சத்தம் கேட்டால் அது நான்தான். எங்களுக்கு ஒரே மகள், ஜெமிமா. அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் லோயர் கேம்ப் மின் நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். மலையிலிருந்து குழாயில் இறங்குகிற தண்ணீர் கரண்டாக மாறுவதைப் பார்த்துவிட்டு வந்தவள், எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டாள். அதுவும் அரசுக் கல்லூரியில். தனியார் கல்லூரிக்கு அனுப்புகிற வசதி எங்களுக்கு இல்லை என்பது அவளுக்கே தெரியும். அதனால் நாங்கள் சொல்லாமலே படித்தாள். போன வருடம் மே மாதம் பிளஸ் டூ மார்க் வந்தபோது நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது.

அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு சபை மண்டபத்தில் ஒரு முகாம் வைத்தார்கள். தேனியிலிருந்து ஒரு கல்வி ஆலோசகர் வந்தார். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று முந்தைய வருடங்களின் கட்-ஆஃபை வைத்துச் சொல்லிவிடுவாராம். வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பேர், மார்க், இனம், விரும்புகிற ஐந்து கல்லூரிகள். ஜெமிமா கல்லூரிகளை மட்டும் எழுதினாள். மற்றதை நான் ஒரே மூச்சில் நிரப்பிக் கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளைகளின் பெயர்களை, கேட்ட கல்லூரிக்கு ஒரு நிறக் கட்டமாக, சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். பச்சை என்றால் கிடைக்கும். மஞ்சள் என்றால் முயன்று பார்க்கலாம். சிவப்பு என்றால் ஆசைப்படாதே. என் மகள் பெயருக்கு நேரே ஐந்து கட்டமும் சிவப்பு. மண்டபத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெமிமா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆலோசகர் என்னைக் கூப்பிட்டு ஒரு தனியார் கல்லூரியின் விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தார். "நான் எதையும் மறைச்சுப் பேசுறவன் இல்லம்மா. அரசுக் கல்லூரிய மறந்துருங்க" என்றார். இருந்தாலும் ஒரு வழக்கத்துக்காக, அங்கேயே அந்தப் படிவத்தைப் பார்த்து, கலந்தாய்வுக்கும் ஆன்லைனில் பதிவு செய்து கொடுத்தார்கள்.

எனக்கு எங்கே பற்றிக்கொண்டது என்றால், ஜெமிமாவோடு படித்த பிரிஸ்காவுக்கு மூன்று பச்சை. அவளைவிட என் மகளுக்கு மார்க் அதிகம். பிரிஸ்கா நல்ல பிள்ளை, அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மார்க் கூடினவளுக்குச் சிவப்பு, குறைந்தவளுக்குப் பச்சை என்றால் அது என்ன கணக்கு? பிரிஸ்காவின் அப்பா சபைக் கமிட்டியில் இருக்கிறார். நான் என்ன நினைத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். அப்படி நினைத்ததற்கு அந்தக் குடும்பத்திடம் பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அடுத்த வாரங்களில் சபையார் வீட்டுக்கு வந்தார்கள். துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தார்கள் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. "தேவ சித்தம் வேற மாதிரி இருக்கும் ஆத்தா" என்றார் ஒருவர். "பொம்பளப் பிள்ளைக்குப் பக்கத்துக் காலேஜே போதும்னு ஆண்டவர் நெனச்சிருப்பாக" என்றார் இன்னொருவர். தேவ சித்தம் என்ற வார்த்தையை நாம் தபால் ஆபீஸ் முத்திரை மாதிரி எதன்மேலும் குத்துகிறோம். ஆண்டவர் யாரோ தேனிக்காரர் போட்ட சிவப்பில்தான் தம் சித்தத்தை எழுதி அனுப்புவாரா? எனக்குச் சமாதானம் கிடைக்க வேண்டும் என்று ஜெபக்கூட்டத்தில் என் பேரைச் சொல்லி ஜெபித்தார்கள். அதைக் கேட்டு இன்னும் கோபம் வந்தது.

ஜெமிமா கடைக்கு வந்து அப்பாவோடு உட்கார ஆரம்பித்தாள். குடத்துக்கும் குண்டானுக்கும் விலை ஒட்டினாள். ஒருநாள், "அம்மா, நான் இங்கனயே இருந்துக்கிறேன். எனக்கும் வியாபாரம் வரும்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. கடையின் பின்னால் பாத்திரம் அடுக்குகிற இடத்தில் முழங்கால் போட்டேன். என் ஜெபத்தை அப்படியே எழுதுகிறேன். "ஆண்டவரே, எனக்குச் சமாதானம் வேண்டாம். பதில் வேண்டும். என் பிள்ளைக்கு ஏன் சிவப்பு? அதைச் சொல்லும்." இப்படி யாரும் ஜெபிக்கச் சொல்லித் தந்ததில்லை. எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

ஜூலையில் தரவரிசைப் பட்டியல் வந்தது. பிரிஸ்காவுக்கு இரண்டு எண்கள் இருந்தன. ஜெமிமாவுக்கு ஒன்றுதான். இன்னொரு கட்டத்தில் வெறும் கோடு. அது என்ன கோடு என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் வியாழக்கிழமை காலையில் சேலையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"தேனிக்கு. அந்த ஆளுகூடச் சண்டை போட" என்றேன்.

அவர் தடுக்கவில்லை. "குடை எடுத்துக்கோ" என்றார். சாரல் விடாமல் அடித்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த மழையைத் திட்டிக்கொண்டே போனேன். கேரளாப் பக்கம் கொட்டு கொட்டென்று கொட்டுவதால் எஸ்டேட்டில் வேலை இல்லை என்று, ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் வரிசையாகச் சும்மா நின்றன.

தேனியில் ஆலோசகரின் அலுவலகத்துக்குள் நான் உட்காரவே இல்லை. "என் மகளுக்கு ஏன் சிவப்பு போட்டீங்க? அதைவிட மார்க் கொறஞ்ச பிள்ளைக்கு எப்படிப் பச்சை வந்துச்சு? எனக்குக் காட்டுங்க" என்றேன். என் குரலுக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் பயந்துபோய்க் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஜெமிமாவின் பெயர், மார்க், அதற்குப் பக்கத்தில் ஓ.சி., அதாவது பொதுப் பிரிவு என்று இருந்தது.

"நாங்க ஓ.சி. இல்லையே. பி.சி. ஆச்சே" என்றேன்.

அவர் ஒரு கட்டுப் படிவங்களை எடுத்துத் தேடினார். எங்கள் படிவத்தை என் முன்னால் வைத்தார். இனம் என்ற இடத்தில், என் கையெழுத்தில், அழுத்தமாக ஒரு வார்த்தை இருந்தது. கிறிஸ்தவர்.

சபையாரே, அதை எழுதும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? அதற்கு முந்தின ஞாயிறுதான் நம் ஆயர், கிறிஸ்துவுக்குள் ஜாதி இல்லை என்று பிரசங்கித்தார். நான் ஆமென் சொன்னேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு வாத்தியார் வகுப்பில் என்னை எழுப்பிவிட்டு ஜாதியைக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு இத்தனை வருடம் கழித்துப் பதில் சொன்ன மாதிரி அந்தக் கட்டத்தில் எழுதினேன். கணினியில் பதிவு செய்தவர்களுக்குக் கொடுத்த பட்டியலில் கிறிஸ்தவர் என்று ஒன்று இல்லை. இல்லாததால் ஓ.சி. என்று தட்டிவிட்டார்கள். பிரிஸ்காவின் அப்பா விவரமானவர், பி.சி. என்று எழுதியிருந்தார். பிற்பட்டோருக்குக் கட்-ஆஃப் குறைவு, அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கோட்டுக்கும் அதுதான் அர்த்தம். இனவாரித் தரவரிசை என் மகளுக்கு இல்லை.

நான் கேட்ட பதில் வந்துவிட்டது. என் கையெழுத்திலேயே வந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் கேட்டேன். "தப்பு என்னோடதுதான் சார். ஆனா ஒரு பிள்ளை பேருக்கு நேரா சிவப்பு பூசுறதுக்கு முன்னாடி, ஏம்மா இப்படி எழுதியிருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? தனியார் காலேஜ் பாரத்தை எடுத்து நீட்டுறதுக்கு மட்டும் கை வந்துச்சே." அவர் செல்போனில் எதையோ பார்த்தார். பட்டியலில் குறை இருந்தால் சேவை மையத்தில் திருத்தலாம் என்றார். இன்றைக்குத்தான் கடைசி நாள், ஐந்து மணி வரைக்கும் என்றார். மாணவி நேரில் வர வேண்டும், அசல் சாதிச் சான்றிதழ் வேண்டும். மணி அப்போது ஒன்று.

சான்றிதழ் கடை பீரோவில் இருந்தது. ஜெமிமா கம்பத்தில் இருந்தாள். போன் பண்ணிச் சொன்னேன். பஸ் ஏறுகிறேன் என்றவள் சிறிது நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். "அம்மா, சின்னமனூர்கிட்ட வாழைத்தார் லாரி கவுந்துருச்சாம். பஸ்ஸு போகலையாம்" என்றாள். அவள் குரல் உடைந்தது அன்றைக்குத்தான்.

நான் ஆட்டோ பிடித்துச் சேவை மையத்துக்குப் போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். "ஆண்டவரே, பதில் கேட்டேன், காட்டிவிட்டீர். தப்பு நான் செய்தது. அதற்கு என் பிள்ளையைக் கடையில் உட்கார வைக்காதேயும். ஐந்து மணிக்குள் அவளை இங்கே கொண்டுவாரும்" என்றேன். கோபம் போகவில்லை. ஆனால் இப்போது அது என்மேல் இருந்தது. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

நாலு இருபதுக்குச் சேறு அப்பிய ஒரு ஜீப் வளாகத்துக்குள் வந்து நின்றது. வெற்றிலை போட்ட வாயோடு பாண்டி இறங்கினார். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர், எங்கள் கடையில் பாத்திரம் வாங்குகிறவர். மழையால் வேலையில்லாமல் நின்ற ஜீப்புகளில் அவருடையதும் ஒன்று. என் வீட்டுக்காரர் போய்க் கேட்டிருக்கிறார். பாண்டி வாய்க்கால் ஓரத்து ரோட்டில், ஊருக்குள் ஊராக நுழைந்து ஜெமிமாவைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். காலையில் நான் திட்டிய மழைதான் அந்த ஜீப்பை அங்கே நிறுத்தி வைத்திருந்தது.

ஜெமிமா தொப்பலாக நனைந்திருந்தாள். கையில் ஒரு புதுத் தூக்குவாளி. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. மூடியைத் திறந்து சான்றிதழை எடுத்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. பாத்திரக்கடைக்காரி மகள் என்பது அங்கே தெரிந்தது.

மையத்தில் இருந்த அம்மா சான்றிதழைப் பார்த்தார், திரையில் இருந்த ஓ.சி.யையும் ஆலோசகரிடம் நான் வாங்கி வந்த படிவத்தையும் பார்த்தார். "கிறிஸ்தவர்னா ஓ.சி.ன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லல மேடம். யாரும் கேக்கல" என்றேன்.

அவர் நிமிர்ந்து ஜெமிமாவைப் பார்த்தார். பிறகு தட்ட ஆரம்பித்தார். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்தது. திருத்திய பட்டியலில் அந்தக் கோடு போய் எண் வந்தது. கலந்தாய்வில் ஓர் அரசுக் கல்லூரியில், அவள் கேட்ட எலக்ட்ரிக்கலே கிடைத்தது. அவள் எழுதிய ஐந்தில் அது இரண்டாவது. சிவப்பு பூசின இரண்டாவது.

ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. அதனால் இதைச் சொல்கிறேன். எனக்குச் சமாதானம் கிடைக்க ஜெபித்தவர்களே, அந்த ஜெபம் அன்றைக்குக் கேட்கப்பட்டிருந்தால் நான் தேனிக்குப் போயிருக்கவே மாட்டேன். கர்த்தர் என் கோபத்தை எடுத்துப்போடவில்லை. அதையே பஸ் ஏற்றி அனுப்பினார். கோபமாக இருப்பதால் ஜெபிக்கத் தகுதியில்லை என்று நினைத்து முழங்கால் போடாமல் இருக்கிறீர்களா? அந்தக் கோபத்தோடேயே போங்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். அவர் பதில் சொல்கிறவர். ஆனால் பதில் உங்களையே சுட்டினால் அதையும் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் இப்போதெல்லாம் யாரிடம் சண்டைக்குப் போனாலும் முதலில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

இந்த வருடமும் முகாம் நடந்தது. அதே ஆலோசகர்தான். படிவங்களை நான் வாசித்த பிறகுதான் அவர் நிறம் பூச வேண்டும் என்று சொல்லிவிட்டு, வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். அவரும் மறுக்கவில்லை. கூடலூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா தன் மகளோடு வந்தார். படிவத்தை வாங்கிப் பார்த்தேன். இனம் என்ற இடத்தில் விரலை வைத்தேன்.

"ஆத்தா, இங்கன என்ன எழுதியிருக்கீக?"

"கிறிஸ்தவர்னு எழுதுனேன். அதான நாம?" என்றார் அந்த அம்மா. அந்த முகத்தில் இருந்த பெருமை எனக்குத் தெரிந்த பெருமை.

"அதான் நாம. ஆண்டவர் சந்நிதியில அது போதும். இவுக கேக்குறது வேற. பிள்ளையோட சர்ட்டிபிகேட்ட எடுத்துட்டு வாங்க" என்று ஒரு புதுப் படிவத்தைக் கொடுத்தேன். "நான் இங்கனதான் இருக்கேன்."