முறுக்கு உடையாத மோட்டார்

என்னைப் பெரிய மோட்டார் வீரன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள் நான்தான். பெயர் ஜெயபாலன். சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் எடைக் கிராணி, அதாவது எடை பார்க்கும் குமாஸ்தா. பழக்குலை ஏற்றிய லாரி எடை மேடைமேல் ஏறி நிற்கும். நான் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பேன். அந்த லாரி போகும், அடுத்த லாரி வரும். ஊரிலுள்ள எல்லா லாரியின் எடையும் எனக்குத் தெரியும். என் எடையை மட்டும் கேட்காதீர்கள்.

நாற்பத்தெட்டு வயதில், பேரன் எடுக்கும் நேரத்தில், நான் ஒரு ஸ்கிரேம்ளர் வாங்கினேன். சேறு, கல், மேடு, பள்ளம் எதிலும் ஓடும் உயரமான மோட்டார் சைக்கிள். நானாக ஏறி உட்காரவே முதல் வாரம் ஒரு நாற்காலி தேவைப்பட்டது. என் மனைவி மலர் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்பவள். லாபிஸ், பாலோ என்று பக்கத்து ஊர்கள் வரைக்கும் அவளுக்கு ஆர்டர் உண்டு. "உன் முறுக்கையெல்லாம் இனிமே நானே கொண்டு போய்க் குடுக்கறேன்" என்று சொல்லித்தான் அவளைச் சம்மதிக்க வைத்தேன். வீட்டில் ஒரு மைவி கார் சும்மா நிற்பதைப் பற்றி அந்தப் பேச்சில் நான் வாயே திறக்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அவளும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் கூட்டம் கிளம்பிவிடும். பெயர் ‘செம்மண் சிங்கங்கள்’. லாபிஸ் ரூபேந்திரன் தலைவர். சிங்கங்களில் பாதிப்பேர் முட்டியில் பட்டை போட்டவர்கள், மீதிப்பேர் பிரஷர் மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள். ஆனால் செம்பனை மரங்களுக்கு நடுவே, அந்தச் சிவப்புப் பாதையில், கால்மிதியில் எழுந்து நின்று ஓட்டும்போது எனக்குக் கண்ணாடி அறை மறந்துவிடும். அந்தச் சுகத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

வினை பாலோவில் வந்தது. அங்கே ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு ஒரு டின் முறுக்கைக் கொண்டு போனேன். தார் ரோடு இருக்கத்தான் செய்கிறது. ஸ்கிரேம்ளர் வாங்கியவன் தார் ரோட்டில் போவானா? தோட்டத்துக்குள் புகுந்து போனேன். சாயங்காலம் அந்த வீட்டம்மாள் மலருக்குப் போன் போட்டு, "மலர், இதைக் கடிச்சுத் திங்கணுமா, தண்ணியில கலக்கிக் குடிக்கணுமா?" என்று கேட்டாராம்.

டின் திரும்பி வந்தது. மலர் என்னைத் திட்டவில்லை. தூளை ஒரு பழைய டப்பாவில் கொட்டி மூடி அலமாரியில் வைத்தாள். "அடுத்த வாட்டி ஒடைஞ்சுச்சுன்னா மோட்டாரை வித்துடணும். சரிங்களா?" என்றாள். "முருகன் மேல சத்தியம்" என்று வீறாப்பாய்ச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். அடுத்த ஆர்டர் லாபிஸில் சந்திரமதி டீச்சர் வீட்டுக்கு, தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

கோளாறு முன் போர்க்கில்தான் என்று முடிவு கட்டினேன். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்களைத்தான் போர்க் என்கிறோம். உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கும். சக்கரம் மேட்டில் ஏறினால் குழாய் அமுங்கும், எண்ணெய் ஓட்டை வழியாகப் பாயும். என் மோட்டாரில் வெறும் ஓட்டை மட்டும்தான், அதைத் திறந்து மூட எதுவும் இல்லை. பிரேக் பிடித்தால் மூக்கு தொபுக்கென்று இறங்கும். வேகமாகக் கல்லில் ஏறினாலோ, எண்ணெய்க்கு வழி போதாமல் தோள்பட்டை வரைக்கும் இடிக்கும். இதற்கென்று ஒரு வால்வு விற்கிறார்கள். மெதுவாக அமுங்கினால் இறுக்கிப் பிடிக்கும், பட்டென்று இடி வந்தால் திறந்து வழிவிடும்.

வீடியோ வீடியோவாகப் பார்த்துப் புரிந்துகொண்ட இதை நான் மலருக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவள் முறுக்கு அச்சைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாவு கெட்டியா இருந்தா கை வலிக்கும், தண்ணியா இருந்தா பொசுக்குனு எறங்கிடும். தட்டுல ஓட்டை சரியா இருக்கணும். அதானே?" என்றாள்.

அதேதான். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வால்வு தபாலில் வந்தது. மோட்டார் கடைக்குக் கொண்டு போயிருக்கலாம். சிங்கம் கடைக்குப் போகுமா? வீட்டு வாசலிலேயே கழற்றினேன். போர்க்கின் மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று வீடியோவில் சொன்ன இடத்தை மட்டும் நான் ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன். மூடி என் காதோரமாகப் பறந்து வாசல் விளக்கை உடைத்தது. உள்ளே இருந்து கறுப்பாக வந்த பழைய எண்ணெய் அழுகின மீன் மாதிரி நாறியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். உள்ளிருக்கும் சின்னக் குழாயில் ஓட்டையைப் பெரிதாக்கி, அதன்மேல் வால்வை உட்கார வைத்து, ஸ்பிரிங்கை இறக்கினேன். புது எண்ணெயை அளந்து ஊற்ற வேண்டுமே? மலரின் அளவு ஜக்கை எடுத்துக்கொண்டேன். மாவுக்குத் தண்ணீர் அளக்கும் ஜக். அதை அவள் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கே கடைக்குப் போய் வேறு ஜக் வாங்கிக்கொண்டு வந்தாள். "இதைத் தொட்டீங்கன்னா கையை ஒடைச்சிடுவேன்" என்றாள்.

வேலை என்னவோ நன்றாகவே முடிந்தது. என்னாலேயே நம்ப முடியவில்லை. பிரேக் பிடித்தால் மூக்கு இறங்கவில்லை, கல்லில் ஏறினால் கை அதிரவில்லை. வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன். "அலமாக், பாலன், கடையே தொறக்கலாம் லா" என்று ரூபேந்திரன் வியந்து எழுதினார். அந்த வாரம் முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலர் பெரிய பிஸ்கட் டின்னைச் சுற்றி டேப் ஒட்டிக் கையில் கொடுத்தாள். "வழியில தொறக்காதீங்க, காத்துப் பட்டா நமுத்துப் போயிடும்." டின்னைப் பின் கேரியரில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டினேன். வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, நான் கட்டுவதையே பார்த்தாள்.

மறுபடியும் தோட்டப் பாதைதான். மழைக்காலம், பாதையெங்கும் குழி. ஒவ்வொரு குழியையும் போர்க் அப்படியே விழுங்கியது. இனி யாரும் என் மோட்டாரைத் தொட முடியாது என்று பாடிக்கொண்டே ஓட்டினேன். நடுவில் நிறுத்தி, மோட்டாரோடு ஒரு செல்பியும் எடுத்தேன். வயிறு தெரியாமல் எடுக்கக் கொஞ்சம் நேரமானது.

டீச்சர் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை மைவி நின்றது. நாட்டில் எங்கே திரும்பினாலும் அந்த வண்டிதான், அந்த நிறம்தான். நான் கண்டுகொள்ளவில்லை. டின்னை மேசைமேல் வைத்து, "டீச்சர், நீங்களே தொறந்து பாருங்க. ஒண்ணுகூட ஒடைஞ்சிருக்காது" என்றேன்.

சந்திரமதி டீச்சர் டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தார். உள்ளே தூள். முறுக்கு என்று சொல்ல ஒரு சுற்றுகூட மிச்சமில்லை.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இனி திங்கள் முதல் சனி வரை லாரி, ஞாயிற்றுக்கிழமை வெறும் சுவர்தான். "மன்னிச்சிடுங்க டீச்சர். காசைத் திருப்பித் தந்துடறோம். மோட்டாரை நாளைக்கே வித்துடறேன்" என்றேன்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்தார். அடுப்படியிலிருந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மலர் வந்தாள்.

"அது பாலோவுல ஒடைஞ்சதுங்க" என்றாள். "நல்ல முறுக்கு என்கூட கார்ல வந்துடுச்சு. நீங்க வர்றதுக்குள்ள நாங்க ரெண்டு வாட்டி தேத்தண்ணி குடிச்சிட்டோம்."

மேசையின் மறுகோடியில் இன்னொரு டின் இருந்தது. அதில் முறுக்குகள் அத்தனையும் முழுசாக, வட்டமாக அடுக்கியிருந்தன.

"அப்ப என்கிட்ட எதுக்குத் தூளைக் குடுத்தே? என் போர்க் மேல நம்பிக்கை இல்லியா?"

"உங்க போர்க் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா டின்னைப் பின்னாடி கட்டிட்டு முன்னாடி வால்வை மாத்துனா, முறுக்குக்கு என்னங்க லாபம்?"

ஜன்னல் வழியாக மோட்டாரின் பின் கேரியரைப் பார்த்தேன். பிறகு காது சூடானது. நான், ரூபேந்திரன், அத்தனை சிங்கங்கள், ஒருத்தனுக்குக்கூடத் தோன்றவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ஜக்கைத் தூக்கிட்டுப் போனீங்கள்ல, அன்னைக்கே."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொன்னா பின்னாடியும் கழட்டுவீங்க. தீபாவளி நேரத்துல இன்னொரு வாட்டி அந்த மீன் நாத்தம் வேணாம்னு பார்த்தேன்." பிறகு குரலைத் தணித்தாள். "நல்லதைக் குடுத்திருந்தா கண்டிப்பா ஒடைஞ்சிருக்கும். சத்தியம் பண்ணிட்டேன்னு நீங்க மோட்டாரை வித்திருப்பீங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமையெல்லாம் மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கிட்டு எம்பின்னாடியே சுத்துவீங்க. நான் எப்ப நிம்மதியா முறுக்கு சுடறது?"

டீச்சர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மலர் டின்னிலிருந்து ஒரு முழு முறுக்கை எடுத்து, டிஷ்யூவில் சுற்றி என் சட்டைப் பையில் வைத்தாள். "இது முன்னாடிதான் இருக்கு. ஒடையாம வீட்டுக்குக் கொண்டாங்க, பார்ப்போம்."

தார் ரோட்டில் போயிருக்கலாம். நான்தான் சிங்கமாயிற்றே. பாதி வழியில், ஒரு குழியில், போர்க் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. என் தொப்பைதான் பெட்ரோல் டாங்கில் இடித்துக் குலுங்கியது. நிறுத்திப் பையைத் தொட்டுப் பார்த்தேன், நறநறவென்றது. ஒரு செம்பனை மரத்தடியில் நின்று, மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டேன்.

"எங்கே முறுக்கு?" என்று கேட்டாள் மலர்.

"ஒடையல. பசிச்சுச்சு, சாப்பிட்டுட்டேன்."

சட்டையைத் துவைத்தவள் அவள்தான். பையில் என்ன இருந்தது என்று பார்த்திருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்து வந்தபோது, மோட்டார் சாவியைச் சாப்பாட்டு மேசைமேல் எடுத்து வைத்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பழைய அளவு ஜக்கும் இருந்தது. "பின்னாடி இன்னும் பாக்கி இருக்குங்களே" என்றாள்.