ரோபோவுக்குக் கேபிள் பிடித்த நாள்

கல்கத்தாவின் டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்பு முழுவதும் நான் ரோபோ ஓட்டுவதாக என் மனைவி சொல்லி வைத்திருந்தாள். பவானிபூரில் இருந்த அவளுடைய அண்ணனிடமும் அதையே சொல்லியிருந்தாள். அவர் பேங்க் ஆபீசர். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்குத் தங்கையைக் கொடுத்துவிட்டோமே என்ற வருத்தம் அவர் பேச்சில் எப்போதும் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவருக்கு முன்னால் அவள் தலை நிமிர்ந்து நிற்க அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. நான் மறுக்கவில்லை. நான் பொதுவாகவே எதையும் மறுத்துப் பேசுகிறவன் இல்லை.

ரோபோவை ஓட்டியவர் எங்கள் சூப்பர்வைசர். ஐ.டி.ஐ. படித்த வங்காளி; எல்லோருக்கும் தாதா, அதாவது அண்ணன். நான் ரோபோவின் கேபிள்களைப் பார்த்துக்கொள்கிறவன்.

ஹவுராவில் இரும்பு நாற்காலிகள் செய்யும் சிறிய ஃபேக்டரி அது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து, முதலாளி எங்கிருந்தோ ஒரு பழைய வெல்டிங் ரோபோவை வாங்கி வந்தார். பார்க்க ஒற்றைக் கைதான். இடுப்பில் திரும்பும், தோளில் சாயும், முழங்கையில் மடங்கும், மணிக்கட்டுப் பக்கம் மூன்று விதமாகப் புரளும். அதன் மேல் போகிற கரண்ட் கேபிளையும் கேஸ் குழாயையும் ஒன்றாகச் சேர்த்து, நெருப்புப்பொறி படாமல் தோல் உறை மாட்டிக் கட்டுவது என் வேலை. இறுக்கிக் கட்டினால் கை நீளும்போது பிய்ந்துவிடும். தளர விட்டால் நாற்காலிச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். இரண்டையும் செய்து திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

கை அசைவதிலும் வகைகள் உண்டு என்று தாதா சொல்லிக் கொடுத்தார். ஒரு வகையில் ஒவ்வொரு மூட்டும் தனக்கு வசதியான வழியில் திரும்பி, போக வேண்டிய இடத்தில் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். நுனி காற்றில் வளைந்து போகும். கேபிளுக்கு அது சுகம். இன்னொரு வகையில் நுனி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராகப் போகும். பற்றவைக்க அதுதான் வேண்டும். ஆனால் நுனி நேராகப் போவதற்காக மற்ற மூட்டுகள் படாத பாடு படும். சில இடங்களில் மணிக்கட்டு திடீரென்று புரண்டுவிடும். கேபிள் கையோடு சுற்றிக்கொள்ளும்.

மைத்துனர் ரோபோவைப் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்க ஆரம்பித்தபோது, விசுவகர்மா பூஜைக்கு வரச் சொன்னேன். அன்றைக்கு மெஷின்களைத் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு நிறுத்திவிடுவோம். குடும்பங்கள் வரும், அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த கிச்சுடி சாப்பிடும், மாடியில் பட்டம் விடும். மெஷினை யாரும் தொடமாட்டார்கள். ஆகவே ஓட்டிக் காட்டச் சொல்லி என்னைக் கேட்க முடியாது. அதுதான் என் கணக்கு.

முதலாளியின் கணக்கு வேறாக இருந்தது. அந்த வருஷம் ரோபோவே விசுவகர்மா சிலைக்கு மாலை போட வேண்டும் என்றார். சரக்கு வாங்கும் வியாபாரிகளைக் கூப்பிட்டிருந்தார்.

காலையில் தாதா, ரோபோவை ஓட்டும் பொத்தான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அது போக வேண்டிய வழியையெல்லாம் அதற்குச் சொல்லிக் கொடுத்து வைத்தார். ஒத்திகையில் கை அழகாகப் போய் வந்தது. வியாபாரிகள் வந்த பிறகு, எல்லோருக்கும் தெரியட்டும் என்று முதலாளி சிலையை வாசல் பக்கம் நகர்த்தச் சொன்னார். தாதா அவசரமாகக் கடைசி இடத்தை மட்டும் மாற்றி, அதுவரை நேராகப் போகும்படி வைத்தார். அந்தப் பக்கம் கை திரும்பினால் கேபிளைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் எட்டாது. மெதுவாகத்தான் ஓட்டப்போகிறேன், நீ கேபிளைத் தோளில் தாங்கிக்கொண்டு கூடவே வா என்றார்.

என் மனைவி பட்டுப்புடவையில் முன்வரிசையில் நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் அண்ணன்.

"என்ன மாப்பிள்ளை, பொட்டி அவர் கையில இருக்கு? நீங்க ஓட்டலையா?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவள்தான் பதில் சொன்னாள்.

"இன்னிக்குப் பூஜைண்ணே. பெரியவங்க ஓட்டறாங்க. பேசாம பாருங்க."

"அப்ப இவர் என்ன, பொண்ணுக்கு முந்தானை பிடிக்கிற மாதிரி பின்னால போறாரு?"



தாதா பொத்தானை அழுத்திப் பிடித்தார்; விட்டால் ரோபோ நின்றுவிடும். கை மாலையோடு எழுந்தது. சங்கு ஊதினார்கள். நான் தோளில் கேபிளோடு, தலையைக் குனிந்துகொண்டு, அதன் பின்னாலேயே அடி வைத்துப் போனேன். மாலையின் நுனி நேராகச் சிலையை நோக்கிப் போயிற்று. எல்லோரும் அதையே பார்த்தார்கள். பாதி வழியில் மணிக்கட்டு புரள ஆரம்பித்தது. என் தோளிலிருந்து கேபிள் உருவிக்கொண்டு போய் முழங்கையைச் சுற்றி இறுகியது. தோல் உறை முறுகுகிற சத்தம் கேட்டது.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

பிறந்ததிலிருந்து கல்கத்தாவில் இருக்கிறேன். ஃபேக்டரியில் பேசுவதெல்லாம் வங்காளம். அந்த நேரத்தில் வாயில் வந்தது வீட்டுத் தமிழ். தாதா நான் ஏதோ சாமி பெயரைச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, என்னைப் பார்த்துச் சிரித்தார், பொத்தானை விடவில்லை.

"தாமுன்! தாதா, தாமுன்!"

வங்காளத்தில் நிறுத்தச் சொல்லி அப்படிக் கத்தியது என் மனைவி. தாதா திடுக்கிட்டுக் கையை எடுத்தார். ரோபோ நின்றது. மாலை சிலைக்கு ஒரு முழம் தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. கேபிள் முறுக்கிக்கொண்டிருந்தாலும் அறுபடவில்லை.

முதலாளிதான் முதலில் சிரித்தார். "நம்ம அசல் ஆபரேட்டர் இந்த பௌதிதான்!" என்று என் மனைவியைக் காட்டி வங்காளத்தில் சொன்னார். கூட்டமே சிரித்தது. பௌதி என்றால் அண்ணி; மரியாதையான வார்த்தைதான். ஆனால் பத்து வீட்டில் என்னை ஓட்டுநராக்கி வைத்திருந்தவள், தன் அண்ணன் பக்கத்தில் நின்று, இன்னொரு மனிதரைப் பார்த்து நிறுத்தச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நான் சுற்றிக்கொண்ட கேபிளைப் பிரிக்கிற சாக்கில் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். மாலையை முதலாளியே எடுத்துச் சிலைக்குப் போட்டார்.

திரும்பும்போது ஆற்றைக் கடக்கும் படகில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். மைத்துனர் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். அவர் செய்யவில்லை.

"மாப்பிள்ளை, எங்க பிராஞ்சுல அட்டெண்டர் வேலைக்கு ஆள் எடுக்கறாங்க. ஃபேனுக்குக் கீழ இருக்கலாம். உங்களுக்குச் சொல்லி வைக்கட்டுமா?"

நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் மச்சான், எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது என்று சொன்னால் போதும். அது உண்மையும்கூட. 

"பாக்கலாம் மச்சான்" என்றேன்.

 அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"வேணாம்ணே. இவரு கேபிள் வேலைதான் பாக்கறாரு. நாளைக்குக் காலையில அத்தனையையும் பிரிச்சு இவருதான் மறுபடி கட்டணும். வேற ஆள் இல்ல அங்க."

என் வேலை இன்னதென்று அவள் வாயால் அன்றுதான் முதல்முறை கேட்டேன். நான் சொல்லியிருக்க வேண்டியது. படகு பாபுகாட் படித்துறையில் முட்டி நின்றது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், டிக்கெட்டைத் தேடுகிறவன்போலச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் இறங்கினேன்.